ஹோல்ஸ்பாக் மணிக்கூடு அன்று நிற்கவில்லை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜேர்மனியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹோல்ஸ்பாக் ரயில் நிலையத்தின் வரலாற்றையும் அது ஊருக்குச் செய்த சேவைகளையும் உள்ளூர்க்காரர் சிலர் சேர்ந்து ஒரு சிறு புத்தகமாக எழுதுகிறார்கள். பழைய பொதி அறையைக் காட்சி அறையாகவும் மாற்றியிருக்கிறார்கள். அந்த நிலையத்தில் இருபத்து நான்கு வருடம் வேலை செய்தவன் என்பதால் வரைவை எனக்கும் அனுப்பி, பிழை இருந்தால் சொல்லும்படி கேட்டிருந்தார்கள்.

நியூசிலாந்தில், என் ஒனிஹங்கா வீட்டின் சமையலறை மேசையில் பென்சிலோடு உட்கார்ந்து நாற்பத்தொரு பக்கத்தையும் வாசித்தேன். பதினேழு பிழைகள் இருந்தன. பதினாறு சின்னப் பிழைகள்: ஒரு மேடையின் நீளம், ஒரு பேருந்தின் இலக்கம், இப்படி. பதினேழாவது முப்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அங்கே மேடை மணிக்கூட்டின் படம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்திருக்கிறார்கள். கீழே எழுதியிருந்தது: “உறைபனியில் நின்றுபோன மணிக்கூடு. இதனால் பள்ளத்தாக்கு வண்டி ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.”

அந்த மணிக்கூடு நிற்கவில்லை. வண்டியை நிறுத்தி வைத்தவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீனா வீட்டுக்கு வந்திருந்தார். மதுரைக்காரி. ஜேர்மனியை விட்டு வந்தபின் இங்கே ஆக்லாந்து ரயிலில் நான் வேலை செய்த ஆறு வருடங்களில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். முழங்கால் சத்திரசிகிச்சையோடு நான் ஓய்வெடுத்துக்கொண்டேன், அவர் இன்னும் வண்டியில் இருக்கிறார். முப்பத்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன்.

“அண்ணா, ஒரு கடிகாரத்து மேல பழி போட்டா என்ன இப்போ? அதுக்கென்ன பொண்டாட்டி புள்ளையா இருக்கு, அவமானப்பட?”

“எனக்கு இருக்கு.”

“இருக்கட்டும். உங்களத் திட்டி ஒண்ணும் எழுதலியே.”

“எழுதேல்லைத்தான். நான் அங்கை நிண்டதே இல்லை எண்ட மாதிரியெல்லோ எழுதியிருக்கினம்.”

மீனா தேநீரைக் குடித்துவிட்டுத் தன் வேலைக் கதையைச் சொன்னார். இப்போது வண்டி தாமதித்தால் கையிலிருக்கும் டேப்லெட்டில் காரணத்தைத் தொட வேண்டும். கதவு, சிக்னல், மழை, பயணிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நீளமான பட்டியல்.

“அதுல ‘நான்தான் நிறுத்தி வச்சேன்’னு ஒண்ணு கெடையவே கெடையாது. போன வாரம் ஒரு அம்மா கொழந்தை பிராமைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்தாங்க. முப்பது செகண்ட் நின்னேன். கதவுன்னு அமுக்கிட்டேன்.”

“கதவு பழுதோ?”

“கதவு சூப்பரா இருக்கு.”

“பிறகு?”

அவர் சிரித்தார். “ஆமா, நீங்க பெரிய அரிச்சந்திரன். அங்க என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. தமிழ்ச் சங்க மலர்ல போடச் சொல்றேன். எங்க டிப்போ பசங்களும் படிக்கட்டும்.”

ஆகவே எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருபத்தொரு வயதிலிருந்து உண்டு. இங்கே வரும் நேரங்கள் எல்லாம் அந்தக் கொப்பிகளில் இருந்து எடுத்தவை. ஜேர்மன் மொழியில் நடந்த பேச்சுகளை என் தமிழில் தருகிறேன்.

ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது, முகாம், மொழி வகுப்பு, உணவகத்தில் கோப்பை கழுவியது ஆகியவற்றை எழுதப்போவதில்லை. அதை வேறு பலர் எழுதிவிட்டார்கள். என்னுடையது அவர்களுடையதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. வண்டிப்பெட்டி துடைக்கும் வேலையில் சேர்ந்து, பொதி அறைக்கு மாறி, விதிநூலைப் படித்து முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை சித்தியடைந்து மேடை அலுவலர் ஆனேன். அதற்கு ஏழு வருடம் எடுத்தது.

ஹோல்ஸ்பாக் ஒரு மலைப்பாங்கான ஊர். நிலையம் சிவப்புக் கல்லால் கட்டியது. மரமும் கல்லும் ஏற்றுவதற்காகக் கட்டினார்கள். பிறகு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். முதலாம், இரண்டாம் தண்டவாளங்கள் பெருநகரங்களுக்குப் போகும் பெரிய பாதை. மூன்றாவது தண்டவாளம் பள்ளத்தாக்குக்குள் போகும் கிளைப் பாதையின் தொடக்கம். ஒற்றை டீசல் பெட்டி ஒன்று போய்ப் போய் வரும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மேடையின் இரு பக்கங்கள். பெரிய வண்டியிலிருந்து இறங்கி, மேடையைக் குறுக்கே கடந்து, சின்ன வண்டியில் ஏறலாம். காலடி எண்ணினால் பதினொரு எட்டு. அந்தப் பதினொரு எட்டுத்தான் ஹோல்ஸ்பாக் நிலையம் செய்த முதன்மையான சேவை. பயணச்சீட்டு ஜன்னல், பொருட்பெட்டிகள், தொலைந்த பொருள் அலுமாரி, ரொட்டிக் கடை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேடை அலுவலருக்குச் சிவப்புத் தொப்பி. கையில் நீளப்பிடி போட்ட வெள்ளைத் தட்டு. அதன் விளிம்பில் பச்சை வளையம். நேரத்தைப் பார்க்க வேண்டும், கதவுகளைப் பார்க்க வேண்டும், சிக்னலைப் பார்க்க வேண்டும், பிறகு தட்டை உயர்த்த வேண்டும். தட்டு உயராமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்க மாட்டார். இன்று அந்த வேலை அங்கே இல்லை. ஓட்டுநரே கதவை மூடிக்கொண்டு போகிறார்.

சக்கர நாற்காலிப் பயணிகளுக்கு ஏற்றுமேடை ஒன்று இருந்தது. சில்லுப் பூட்டிய இரும்புத் தட்டு; கைப்பிடியைச் சுற்றினால் மேலே எழும். வண்டியின் கதவடியில் நிறுத்தி, தடையை மிதித்து, முன்பலகையைச் சாய்த்து, நாற்காலியை ஏற்றி, பின்பலகையை மூடி, பிறகு சுற்ற வேண்டும். முப்பத்திரண்டு சுற்று. வரைவுப் புத்தகத்தின் சேவைகள் பட்டியலில் “ஏற்றுமேடை வசதி உண்டு” என்று ஒரே வரி இருக்கிறது. அதைச் சுற்றிய கைகள் பற்றி எதுவும் இல்லை. அதை நான் பிழையாகக் குறிக்கவில்லை. எல்லாவற்றையும் குறித்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

நிலையத் தலைவர் திருமதி லாங்கே. ஐம்பது வயது, மெலிந்தவர், ஒருபோதும் ஓடமாட்டார். காலை ஐந்து ஐம்பதுக்கு மேடைக்கு வந்து மணிக்கூட்டின் கீழ் நிற்பார். அந்த மணிக்கூட்டில் சிவப்பு வினாடிமுள் பன்னிரண்டுக்கு வந்ததும் ஒரு கணம் நிற்கும்; பெரிய முள் ஒரு தாவு தாவியதும் மறுபடி ஓடும். அந்தத் தாவலைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பார். அதற்குப் பிறகுதான் காலை வணக்கம் சொல்வார். எதையும் முதலில் பென்சிலால் எழுதி, வாசித்து, பிறகு பேனாவால் எழுதுவார்.

என் பெயர் சிவகுருநாதன். நிலையத்தில் எல்லோரும் சிவா என்றார்கள், நானும் திரும்பிப் பார்த்தேன். திருமதி லாங்கே அப்படிக் கூப்பிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என்னைத் தன் மேசைக்கு அழைத்து, பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொன்னார்; பிரித்துப் பிரித்து என்னைச் சொல்ல வைத்தார். மூன்று நாள் கழித்து மேடையில், எல்லோர் முன்னிலையிலும், முழுப் பெயரையும் ஒரு தடக்கமில்லாமல் கூப்பிட்டார். “ஒருவரோடு வேலை செய்ய வேண்டுமென்றால் அவர் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்” என்றார். அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. விதிநூலில் உள்ள ஒரு விதியைப் போலச் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு தடவை.

நான் வண்டியை நிறுத்தி வைத்த வருடத்தின் தொடக்கத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளத்தாக்கு வண்டி மணிக்கு ஒன்று என்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று ஆனது. காத்திருப்பு அறையின் வெப்பத்தை நிறுத்தி, கதவைப் பூட்டி, திறப்பை மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது. காலையில் வந்த ஏற்றுமேடைத் தாளில் ஒரு பெயர்: கெல்லர். 14.31 வண்டியில் இறங்கி 14.38 பள்ளத்தாக்கு வண்டியில் ஏறுவார். பக்கத்து நகரத்து நூலகத்தில் வேலை செய்யும் பெண், நாற்பது வயதிருக்கும். விபத்தில் முதுகுத்தண்டு போனவர். இடுப்புக்குக் கீழே சூடோ குளிரோ தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் வருவார், வாய் ஓயாது.

14.36க்குச் செய்தி வந்தது: பெரிய வண்டி பதின்மூன்று நிமிடம் தாமதம். விதிப்படி சின்ன வண்டி ஐந்து நிமிடம் காத்திருக்கலாம், 14.43 வரை. அதற்கு மேல் வேண்டுமானால் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க வேண்டும். கேட்டேன்.

“எத்தனை பேர் மாறுகிறார்கள்?”

“நான்கு பேர். ஒருவர் சக்கர நாற்காலியில்.”

“நான்கு பேருக்காக முடியாது. 14.43க்கு அனுப்புங்கள். அடுத்தது 16.38.”

“இங்கே காத்திருப்பு அறை பூட்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் காலில் குளிர் தெரியாது. இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க முடியாது.”

“அறை என் பொறுப்பு அல்ல.” தொலைபேசியை வைத்துவிட்டார்.

திருமதி லாங்கே அன்று மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ரொட்டிக் கடை இரண்டு மணிக்கே மூடியாயிற்று. எங்கள் அலுவலகத்துக்குப் படிகள், நாற்காலி ஏறாது. நாற்காலி ஏற்றும் வாடகை வண்டி எங்கள் ஊரில் இல்லை. இவற்றை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். பிறகு மேடைக்குப் போய், மணிக்கூட்டின் கீழ் நின்று, தட்டைக் கால்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டேன்.

14.43. முள் தாவியது. சின்ன வண்டியின் ஓட்டுநர் ஜன்னலைத் திறந்தார்.

“என்ன, கை உறைந்துவிட்டதா?”

“இல்லை, நன்றாக இருக்கிறது. தூக்கவில்லை.”

என்னையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே வெப்பத்தைக் கூட்டினார்.

14.44க்குப் பெரிய வண்டி வந்தது. திருமதி கெல்லரை இறக்கினேன். அவர் மேடைக்கு அப்பால் நின்ற வண்டியைப் பார்த்தார்.

“உங்கள் டப்பா இன்னும் நிற்கிறதே. உடைந்துவிட்டதா?”

“உங்களுக்காக நிற்கிறது.”

“என்னை மாட்டிவிடாதீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.”

“நீங்கள் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்கிறேன்.”

பதினொரு எட்டு. முப்பத்திரண்டு சுற்று. 14.50க்குத் தட்டை உயர்த்தினேன். விதி தந்தது ஐந்து நிமிடம். நான் எடுத்தது பன்னிரண்டு. ஏழு நிமிடம் அனுமதியில்லாதது. பதிவேட்டில் நேரத்தை எழுதி, ஒரே ஒரு சொல்லுக்கு இடமுள்ள காரணம் என்ற சிறிய கட்டத்தில் “ஏற்றுமேடை” என்று எழுதினேன்.

அதற்கு ஒரு விளைவு இருந்தது, அதை மறைக்கவில்லை. அந்தச் சின்ன வண்டி திரும்பி வந்தபோதும் தாமதம். அதிலிருந்த ஒருவர் பெருநகர வண்டியைத் தவறவிட்டார். வேலைக்கான நேர்முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். கடுமையாக ஒரு முறைப்பாடு எழுதினார். அவர் எழுதியது நியாயம்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னை அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் திருமதி லாங்கே. பக்கத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர். மென்மையாகப் பேசுபவர், விலையுயர்ந்த கழுத்துப்பட்டி.

“விதிப்படி ஐந்து நிமிடம், சரி. மீதி ஏழு?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தானே பதிலும் சொன்னார். “இந்தக் குளிரில் மணிக்கூட்டின் முள் ஒட்டிக்கொள்வது உண்டு. நீங்கள் பார்த்தபோது அது 14.43 என்றே காட்டிக்கொண்டிருந்திருக்கும். நேரம் போனது உங்களுக்குத் தெரியவில்லை.” தட்டச்சடித்த தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. கருவிக் கோளாறு. யாருக்கும் குற்றமில்லை.”

போடாவிட்டால் என்ன என்பதையும் அதே மென்மையோடு சொன்னார். தெரிந்தே உத்தரவை மீறியதாக எழுத்து மூல எச்சரிக்கை. மேடை வேலையிலிருந்து விலக்கல். என் ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில் முடிகிறது. எச்சரிக்கையுள்ள கோப்பைப் புதுப்பிப்பது கடினம். ஒப்பந்தம் இல்லையென்றால் என் விசாவும் இல்லை. விசா விஷயத்தை அவர் வாயால் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

நான் திருமதி லாங்கேயைப் பார்த்தேன். அவர் தன் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுங்கள்” என்றார் மாவட்டக்காரரிடம்.

அன்று மாலை ஜெயத்திடம் போனேன். ஊரிலிருந்த ஒரே இன்னொரு யாழ்ப்பாணத்தான். பீட்சாக் கடையில் வேலை. மா பிசைந்தபடியே கேட்டான்.

“டேய் சிவா, விசர் வேலை பாக்காதை. மணிக்கூடு வந்து உன்னோடை வழக்குப் பேசுமே? கையெழுத்தைப் போட்டிட்டு வாடா.”

“அண்டைக்கு அந்த மணிக்கூட்டைப் பாத்துப் பதினொரு வண்டி அனுப்பினனான். அது பிழையெண்டால் பதினொண்டும் பிழை.”

“ஆரடா அதை எண்ணுறது?”

“நான்.”

“உன்னை அனுப்பினால் பிளேனிலை இருந்து எண்ணு,” என்று சொல்லி மாவை ஓங்கி அடித்தான். கோபம் வந்தால் ஜெயத்தின் பீட்சா மெல்லிசாக வரும்.

மனைவிக்கு வீட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். இரண்டு வயது மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசி வெளியிலை இருந்திருந்தால் செத்துப்போயிருப்பாவோ?”

“சாகமாட்டா. கால் போயிருக்கும்.”

“மணிக்கூடு பழுதில்லையெண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?”

“ஓம்.”

“பழுதெண்டு எழுதினால், அடுத்த வெள்ளிக்கிழமையும் வண்டியை மறிப்பியளோ?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. மணிக்கூடு செய்தது என்று ஒப்புக்கொண்டால், அதைச் செய்ய முடிந்தவன் அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிடும். இனி எந்த வெள்ளிக்கிழமையும் யாரும் செய்ய மாட்டார்கள். பூட்டிய அறை எந்தத் தாளிலும் வராது.

“ஏலாது,” என்றேன்.

“அப்ப உள்ளதை எழுதிக் குடுங்கோ. சூட்கேசை நான் பாக்கிறன்.”

திங்கட்கிழமை அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி வைத்தேன். மாவட்டக்காரர் பெருமூச்சு விட்டார். திருமதி லாங்கே மூன்று கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் என் முழுப் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.

“14.43க்குப் பிறகு வண்டியை வைத்திருந்தது யார்?”

“நான்.”

“உத்தரவு தெரிந்தா?”

“தெரிந்து.”

“மறுபடி இதே நிலைமை வந்தால்?”

“மறுபடி கேட்பேன். மறுத்தால் மறுபடி வைத்திருப்பேன். அதற்கு முன் அந்த அறையைத் திறந்து கொடுங்கள். அப்போது தேவை வராது.”

அவர் தன் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். “உங்கள் கையால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம்.” எழுதினேன். வண்டியைத் தவறவிட்ட மனிதரிடம் மன்னிப்பும் அதில் கேட்டேன், என் பெயரில். திருமதி லாங்கே அதை வாசித்து, முத்திரை குத்தி, அன்றே எனக்கான எச்சரிக்கைக் கடிதத்தையும் தன் கையாலேயே எழுதித் தந்தார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. சிவப்புத் தொப்பியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் என்னைக் காப்பாற்றவில்லை. நான் சொன்னதை நான் சொன்னதாகவே மேலே அனுப்பினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று மாதம் பனி வாரினேன், பொருட்பெட்டி துடைத்தேன். திருமதி கெல்லர் முதல் வெள்ளிக்கிழமையே கேட்டார்.

“தொப்பி எங்கே?”

“கழுவக் கொடுத்திருக்கிறேன்.”

“நிறம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்,” என்றார். அவரும் மாவட்டத்துக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு வந்தது. நிலையத் தலைவரின் கருத்து என்ற இடத்தில் ஒரே வரி: “செய்ததை எழுதுபவர், எழுதியதைச் செய்பவர்.” தொப்பி ஜூனில் திரும்பி வந்தது. காத்திருப்பு அறை திறக்கவேயில்லை. நான் வென்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மே மாதத்தில் இரண்டு பேர் ஏணியோடு வந்து மேடை மணிக்கூட்டைக் கழற்றினார்கள். முறைப்பாட்டுக்காரருக்கும் மேலிடத்துக்கும் மாவட்ட அலுவலகம், நான் எழுதிக் கொடுத்ததைக் கோப்பில் வைத்துக்கொண்டே, கருவிக் கோளாறு என்றே பதில் எழுதியிருந்தது. கோளாறு என்று எழுதினால் மாற்றவும் வேண்டுமே. நான் துடைப்பத்தோடு கீழே நின்று, கம்பியைத் துண்டிக்கும் கணம் வரை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 10.17. வினாடி பிசகவில்லை. ஆட்சேபித்துக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதன் பிரதி என்னிடம் இருக்கிறது.

அந்தப் பதில்தான் இப்போது வரலாறாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. திருமதி லாங்கே இப்போது உயிரோடு இல்லை. ஜெயம் சொந்தக் கடை போட்டுவிட்டான். அந்த மேடையில் இன்று ஒரு காமிராவும் ஒரு பொத்தானும் இருக்கின்றன. அன்று அங்கே நின்றவனின் சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

புத்தகக் குழுவுக்கு நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தையும் கடிதப் பிரதியையும் படமெடுத்து அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. பதினாறு திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். உறைந்த மணிக்கூட்டுக் கதை வருகிறவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, புத்தகத்தின் கடைசியில் ஓர் அடிக்குறிப்பு போதாதா என்று கேட்டார்கள்.

போதாது என்று எழுதினேன். பெட்டியின் அட்டையில் இருக்க வேண்டிய வாசகத்தையும் அனுப்பினேன்: “இந்த மணிக்கூடு சரியாக ஓடியது. காத்திருப்பு அறை பூட்டப்பட்டிருந்ததால் 14.38 வண்டியை 14.50 வரை, உத்தரவுக்கு மாறாக, வைத்திருந்தவர் மேடை அலுவலர் சிவகுருநாதன்.”

மகள் வாசித்துவிட்டு, “அப்பா, லெட் இட் கோ, போக விடுங்கோ” என்றாள். மறித்துப் பழகியவனிடம் சொல்லும் சொல்லா அது?

நேற்று மறுபடி பதில். பெரிய மனதோடு சம்மதித்திருக்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அட்டை சிறியது, பெயர் நீளம், “சிவா” என்று போட்டுக்கொள்ளலாமா?

மீனாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “விட்டுடுங்கண்ணா, கிட்டத்தட்ட ஜெயிச்சிட்டீங்க” என்றார். வைக்கப் போனவர் மறுபடி கூப்பிட்டார். “வேணாம். விடாதீங்க.”

இன்று காலை பதில் அனுப்பினேன். பென்சிலால் எழுதி, வாசித்துப் பார்த்து, பிறகு தட்டச்சு செய்தேன்: “முழுப் பெயர் வேண்டும். ஹோல்ஸ்பாக் நிலையத் தலைவர் அதை மூன்று நாளில் சொல்லப் பழகினார். அட்டையைப் பெரிதாக வெட்டுங்கள்.”